பல் பட்டறை கேள்வி பதில்: விரிசலின் விளிம்பைப் பாருங்கள்

கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை), பிரிட்ஜ் (இல்லாத பல்லின் இடத்தை நிரப்பச் சேர்த்துக் கட்டும் பல் வரிசை), செயற்கைப் பல் பற்றிய வாசகர் கேள்விகளுக்குச் சுங்கை சிப்புட்டில் பல் லேப் நடத்திவரும் அக்கா பதில் சொல்கிறார்.

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லேப்பில் வேலை செய்யும் பிள்ளைகள் எழுதியவை. எல்லாருக்கும் ஒரே கவலை: சுட்டெடுத்த பல்லில் விரிசல். என் மேசைக்கு வரும் கிரவுன்களில் பலவும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குப் போகின்றன. ஒரு கிரவுன் என்றால் அந்த வீட்டின் மளிகைக் காசு. அது வாயில் போய் வெடிக்கக் கூடாது. அதனால் இந்த முறை பட்டறைப் பேச்சையே விரிவாகப் பேசுகிறேன். பட்டறைக்கு வெளியே இருப்பவர்களும் படியுங்கள். உங்கள் வாயில் உட்கார்ந்திருக்கும் பல் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ளலாம்.

அக்கா, நான் ஒரு லேப்பில் வேலை பழகுகிறேன். நான்கு பல் மெட்டல் பிரிட்ஜில் போர்சலின் (பீங்கான்) மாவைக் கட்டி முதல் சூடு போட்டால், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் வெடித்து வருகிறது. தனிக் கிரவுன் நன்றாக வருகிறது. மாவு பழசாகிவிட்டதோ என்று புதுப் புட்டி வாங்கியும் பார்த்தோம், பலனில்லை.
– வாசகர், கூலிம்

தம்பி, மாவின் மேல் பழி போட வேண்டாம். அதே மாவில், அதே உலையில் தனிக் கிரவுன் நன்றாக வருகிறதே!

எந்த விரிசலானாலும் அரைத்து எடுப்பதற்கு முன்னால் பூதக்கண்ணாடியில் அதன் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு மழுங்கிப் பளபளப்பாக இருந்தால், பீங்கான் இளகுவதற்கு முன்பே அந்த இடம் பிளந்துவிட்டது என்று அர்த்தம். பிளந்த ஓரம் பிறகு சூட்டில் உருண்டிருக்கிறது. விளிம்பு கூர்மையாக, முடி கனத்தில் கோடு ஓடியிருந்தால், அது சுட்டு முடித்து ஆறும்போது வந்தது. முதலாவதற்குக் காரணம் உங்கள் கையிலும் ஈரத்திலும் இருக்கிறது. இரண்டாவதற்குக் காரணம் மெட்டலிலும் ஆறவிட்ட விதத்திலும் இருக்கிறது. இதைப் பார்க்காமல் வைரப் பர்ரை (அரைக்கும் முனையை) எடுத்து அரைத்துவிட்டால், காரணம் தூசியோடு போய்விடும். என் பட்டறையில் யாராவது விரிசல் கண்ட வேலையைக் கொண்டுவந்தால் முதலில் நான் கேட்பது அதன் விளிம்பைத்தான்.

உங்களுடையது நடுவில் வாய் திறந்து நிற்கிறது என்கிறீர்கள். விளிம்பு மழுங்கியே இருக்கும். மாவாகக் கட்டிய பீங்கான் சுட்ட பிறகு பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. தனிக் கிரவுன் எல்லாப் பக்கமும் தன் நடுவை நோக்கிச் சுருங்கும், தொல்லை இல்லை. பிரிட்ஜில் நான்கு பல்லும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் நடுவுக்கு இழுக்கிறது, அடியில் இருக்கும் மெட்டலோ சுருங்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே கிழியும். பல்லுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட இடம்தான் மெலிந்த இடம்.

ஆகவே கிழியும் இடத்தை நீங்களே முன்கூட்டி வெட்டிக் கொடுத்துவிடுங்கள். கட்டி முடித்ததும் மெல்லிய பிளேடால் ஒவ்வொரு பல்லுக்கும் இடையே ஓபேக் (மெட்டலை மறைக்கும் அடிப்பூச்சு) தெரியும்வரை நேராக ஒரு வெட்டு. அரைகுறையாக மேலே மட்டும் கீறினால் போதாது. ஆசையாகக் கட்டிய வடிவத்தை வெட்ட மனம் வராது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் வெட்டுங்கள். முதல் சூட்டில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகச் சுருங்கி, நடுவில் சுத்தமான இடைவெளி விடும். அதை இரண்டாம் சூட்டில் நிரப்பிவிடலாம். நிரப்பும் அளவு சிறிது என்பதால் சுருக்கமும் சிறிது.

அடுத்தது ஈரம். உங்கள் மேசைக்கு மேல் காற்றாடி சுற்றுகிறதா, முதுகுப் பக்கம் ஏர்கோன் இருக்கிறதா என்று எழுதவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றாடி இல்லாமல் உட்கார முடியாது. ஆனால் நான்காவது பல்லைக் கட்டுவதற்குள் முதல் பல் காய்ந்துவிட்டால், அடுத்து வைக்கும் ஈர மாவு அந்தக் காய்ந்த பரப்போடு சேராது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தையல் அங்கே உண்டாகி, சூட்டில் பிரியும். காற்றாடியை வேறு பக்கம் திருப்புங்கள். வெறும் வடிகட்டிய தண்ணீருக்குப் பதிலாக, மாவுக் கம்பெனியே தரும் மாடலிங் திரவத்தைப் பயன்படுத்துங்கள், அது சீக்கிரம் காயாது. காய்ந்துபோன இடத்தைத் தூரிகையால் நனைத்த பிறகுதான் மேலே மாவு வைக்க வேண்டும். கட்டி முடித்ததும் மெதுவாக அதிரவிட்டு, மேலே வரும் தண்ணீரை டிஷ்யூவால் ஒரே பக்கத்திலிருந்து ஒற்றி எடுங்கள். துகள்கள் எவ்வளவு நெருங்கி உட்காருகின்றனவோ அவ்வளவு சுருக்கம் குறையும்.

பிறகு உலை வாயில் காய வைப்பது. இதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். தண்ணீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். வேகமாகச் சூடேறினால் அந்த ஆவி பீங்கானைக் குத்திக்கொண்டு வெளியேறும். எங்கள் ஊருக்கு அடுத்து கோலகங்சார், அங்கே ஆற்றுக்கு அக்கரையில் சாயோங். சுரைக்காய் வடிவில் கறுப்புத் தண்ணீர்க் கூஜா செய்கிறார்களே, அந்த ஊர்தான். அங்கே போனால், செய்துவைத்த கூஜா நன்றாக உலரும்வரை யாரும் அதைச் சூளைப் பக்கம் கொண்டுபோகமாட்டார்கள். நம் பீங்கானுக்கும் அதே மண் நியாயம்தான். தனிக் கிரவுனுக்கு உலை வாயில் 6 நிமிடம் தருகிறேன் என்றால், நீண்ட பிரிட்ஜுக்கு 10 நிமிடம் வரை தருவேன். உலைத் தலை படிப்படியாக இறங்கட்டும். மாவு முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்து, மேலே ஆவி எழுவது நின்ற பிறகே உலை மூட வேண்டும். தடித்த பாண்டிக் (பிரிட்ஜில் இல்லாத பல்லுக்குப் பதிலாக நிற்கும் பல்) கடைசியாகத்தான் காயும், அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

வெடித்த இடத்தின் மேல் மாவைப் பூசி மறுபடி சுடுவது வேண்டவே வேண்டாம். அந்தப் பிளவு அடியில் அப்படியே இருந்து, என்றாவது வாயில் திறக்கும். ஓபேக் வரை ஆங்கில வி எழுத்து வடிவில் திறந்து, ஸ்டீமில் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு நிரப்புங்கள்.

கிளேஸ் (கடைசி மெருகுச் சூடு) முடிந்து அழகாக இருந்த கிரவுன், மறுநாள் காலை பார்த்தால் மேசையிலேயே கீறல் விட்டுக் கிடக்கிறது. யாரும் தொடவில்லை. சில மாதங்களுக்கு முன் முதலாளி விலை குறைந்த மெட்டலுக்கு மாறினார். அதனால் இருக்குமா, அக்கா? எப்படி அவரிடம் சொல்வது?
– வாசகி, குளுவாங்

தங்கச்சி, நீங்கள் சரியான இடத்தைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள்.

பீங்கானும் மெட்டலும் 900 டிகிரிக்கு மேல் ஒட்டிக்கொண்டு, ஒன்றாக ஆறுகின்றன. ஆறும்போது இரண்டும் சுருங்கும், ஆனால் ஒரே அளவில் அல்ல. மெட்டல் சற்றே அதிகமாகச் சுருங்க வேண்டும். அப்போது அது பீங்கானை லேசாக அமுக்கிப் பிடிக்கும். பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. டப்பாவில் வரும் தாளில் வெப்ப விரிவுக் கெழு என்று ஓர் எண் இருக்கும். ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு அது. மெட்டலுக்கு 14 ஒட்டியும் பீங்கானுக்கு அதைவிடச் சுமார் 0.5 குறைவாகவும் இருந்தால் நிம்மதி. பீங்கானின் எண் மெட்டலைத் தாண்டிவிட்டால், ஆறி முடிந்த பிறகும் பீங்கான் இழுபட்டபடியே நிற்கும். அந்த இழுப்பில், காற்றில் இருக்கும் ஈரம்கூட நுண்ணிய கீறலை மெல்ல மெல்ல நீட்டிவிடும். மறுநாள் காலையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். மாறாக மெட்டலின் எண் மிக அதிகமாகிவிட்டால், பீங்கான் ஓரங்களில் செதிலாகப் பெயரும்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்ததுதான் நம் தொழிலின் பெரிய திருப்பம். பல் பீங்கானுக்கு அடிப்படையான சாதாரண ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடி மெட்டலைவிட மிகக் குறைவாகவே சுருங்கும். அதற்குள் லூசைட் என்ற படிகத்தை வளரவிட்டால் கெழு ஏறும், ஏனென்றால் லூசைட்டின் எண் 20-க்கும் மேல். 1962-இல் அமெரிக்காவில் வைன்ஸ்டைன், காட்ஸ் ஆகியோர் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று நாம் கட்டும் மெட்டல் பீங்கான் பல்லுக்கு அடித்தளம் அது.

ஆனால் லூசைட் ஒரே அளவில் நின்றுவிடுவதில்லை. மெதுவாக ஆறவிட்டாலும், திருத்தம் திருத்தமாகப் பலமுறை சுட்டாலும், அது கூடலாம். கூடினால் பீங்கானின் எண் ஏறி மெட்டலை மீறும். ஐந்து, ஆறு சூடு கண்ட கிரவுன் கடைசி கிளேஸுக்குப் பிறகு கீறுவதற்கு இது ஒரு காரணம். வடிவத்தை இரண்டு சூட்டுக்குள் முடிக்கப் பழகுங்கள். ஆறவிடும் வேகத்தை உங்கள் விருப்பத்துக்கு மாற்றாதீர்கள். அதிகம் விரியும் மெட்டல்களுக்கு மெதுவாக ஆறவிடச் சொல்வார்கள், மற்றவற்றுக்குச் சாதாரண வேகம் போதும் என்பார்கள். மாவுத் தாளில் உங்கள் மெட்டலுக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

தாளைப் படிக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். சிலர் 25 முதல் 500 டிகிரி வரை அளந்த எண்ணைப் போடுவார்கள், சிலர் 600 வரை அளந்ததைப் போடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒரே வரம்பில் அளந்த எண்களை மட்டுமே ஒப்பிட வேண்டும். மெட்டல் விற்பவர் வாயால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்வார். எழுத்தில் கேளுங்கள்.

முதலாளியிடம் வாதாட வேண்டாம், காட்டுங்கள். பழைய மெட்டலில் ஒன்று, புது மெட்டலில் ஒன்று, ஒரே அளவில் இரண்டு கிரவுன். ஒரே மாவு, ஒரே தட்டில் ஒரே சூடு. இரண்டையும் ஒரு வாரம் மேசையில் வைத்துவிடுங்கள். மெட்டலில் மிச்சமாகும் காசு, ஒரு கிரவுனை மறுபடி செய்வதில் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

கூடவே ஒரு கவலை. விலை குறைந்த நிக்கல் குரோம் மெட்டல்களில் சிலவற்றில் பெரிலியம் கலந்திருப்பது உண்டு. அதை அரைக்கும் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. பெரிலியம் இல்லை என்று தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த மெட்டலானாலும் தூசி உறிஞ்சி ஓடாமல் அரைக்காதீர்கள், முகமூடி இல்லாமல் உட்காராதீர்கள். உங்களுக்கு வயது குறைவு. இந்த நுரையீரல் நெடுங்காலம் வேலை செய்ய வேண்டும்.

என் அம்மாவுக்குக் கடைவாயில் போட்ட வெள்ளைக் கிரவுனின் ஓரம் சில்லு பெயர்ந்துவிட்டது. லேப்பில் சரியாகச் சுடவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். பெயர்ந்த துண்டு இருக்கிறது. பசை போட்டு ஒட்டலாமா? அல்லது கழற்றி மறுபடி உலையில் சுட்டுத் தரச் சொல்லலாமா?
– வாசகி, பாகான் செராய்

கடைப் பசை வாய்க்குள் போகவே கூடாது, அம்மா. துண்டை ஒரு சிறு டப்பாவில் போட்டு, கிரவுன் போட்ட பல் மருத்துவரிடமே கொண்டுபோங்கள். சில்லு சிறிதாக இருந்தால் தேய்த்துப் பாலிஷ் செய்வார். பெரிதாக இருந்தால் வாயிலேயே நிரப்பிச் சரிசெய்ய முடியுமா, புதிதாகச் செய்ய வேண்டுமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வாயில் நாளாக இருந்த பீங்கானைத் திரும்ப உலையில் வைப்பது ஆபத்து. அது ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் குமிழ் விடும், நிறம் மங்கும், நல்ல பக்கமும் வெடிக்கலாம்.

லேப்பின் குறையாக இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அடியில் மெட்டல் தாங்காமல் பீங்கான் மட்டும் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து நின்றால், அந்த மூலை பெயரத்தான் செய்யும். ஆனால் அம்மா தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாரா, வெற்றிலையோடு கொட்டைப்பாக்கு கடிக்கிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படியென்றால் மெல்லும் பரப்பு மட்டும் மெட்டலாகவோ, முழுதும் ஜிர்கோனியாவாகவோ (மெட்டல் இல்லாத கடினமான வெள்ளைப் பீங்கான்) செய்யும்படி கேட்கலாம். கடைவாயில் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை, அம்மா நிம்மதியாக மென்று சாப்பிட வேண்டும், அதுதான் முக்கியம்.

அம்மா, நெடுங்காலம் மெட்டல் வேலை செய்தவன் நான். மகன் வற்புறுத்தி, பல்லை வட்டிலிலிருந்து வெட்டியெடுக்கும் மில்லிங் மெஷின் வாங்கினோம். ஜிர்கோனியா பிரிட்ஜ் சிண்டர் (சுட்டு இறுக்கும்) உலையிலிருந்து வரும்போது பாண்டிக் இரண்டாகப் பிளந்திருக்கிறது. வெட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. நிறத் திரவத்தில் முக்கித்தான் வைக்கிறோம்.
– வாசகர், தெலுக் இந்தான்

ஐயா, கடைசி வாக்கியத்தில் பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். வெட்டிய ஜிர்கோனியா சுண்ணாம்புக் கட்டிபோல நுண்துளையுள்ளது. முக்கினால் உள்வரை குடிக்கும். வெளியே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், தடித்த பாண்டிக்கின் நடுவில் ஈரம் நிற்கும். அகச்சிவப்பு விளக்குக்கு அடியில் நன்றாக உலரவிடுங்கள். எவ்வளவு நேரம் என்று திரவத்தின் தாளில் இருக்கும், பாண்டிக் தடிப்பாக இருந்தால் அதைவிடக் கூடுதலாகக் கொடுங்கள். முடிந்தால், நிறம் முன்பே கலந்த ஜிர்கோனியா வட்டிலை வாங்கிவிடுவது இன்னும் நல்லது.

மீதிப் பாதி வேகம். ஜிர்கோனியா 1,450 முதல் 1,550 டிகிரி வரை போய், நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. வெப்பத்தை மிக மெதுவாகத்தான் உள்ளே கடத்தும். வெளித்தோல் சூடாகிச் சுருங்கத் தொடங்கும்போது நடுப்பகுதி பின்தங்கியிருந்தால் பிளக்கும். மகன் வேக நிரலைப் போடுகிறாரா என்று பாருங்கள். தனிக் கிரவுனுக்கு அது இருக்கட்டும். பிரிட்ஜுக்கு நீண்ட நிரல்தான். இரவில் வைத்தால் காலையில் எடுக்கலாம், ஆறுவதையும் உலைக்குள்ளேயே முடிக்கட்டும். பாண்டிக்கின் வடிவத்தையும் திரையில் ஒருமுறை பாருங்கள். இரு பக்கத்துக் கிரவுனும் மெலிதாக, நடுவில் பாண்டிக் மட்டும் பெருங்கட்டியாக இருந்தால், மூன்றும் ஒரே வேகத்தில் சூடேறாது. கன்னப்பக்கத்தில் அழகு கெடாதபடி உள்பக்கத்தைக் குறைக்கலாம். பல்லோடு பல்லை இணைக்கும் கனெக்டரைக் குறைத்துவிட வேண்டாம், கடைவாய் மூன்று பல் பிரிட்ஜுக்கு அதன் குறுக்குவெட்டு 9 சதுர மில்லிமீட்டராவது வேண்டும்.

தேய்ந்த பர்ரும், வட்டிலிலிருந்து பிரிக்கும்போது ஒடித்து எடுப்பதும், சுடுவதற்கு முந்தைய வெள்ளை நிலையிலேயே நுண்விரிசல் உண்டாக்கும். அறையை இருட்டாக்கி, பின்னாலிருந்து விளக்கைப் பிடித்துப் பாருங்கள், கோடு தெரியும். தெரிந்தால் அதைச் சிண்டர் செய்யவே வேண்டாம். பிளந்த ஜிர்கோனியாவை எதை வைத்தும் உலையில் ஒட்டித் தர முடியாது, மெட்டல்போல் சோல்டர் அடிக்கும் வழி இதில் இல்லை.

ஜிர்கோனியா மேல் பீங்கான் பூசினால் இன்னொரு கவனம். அடியில் இருப்பது வெப்பத்தைப் பிடித்துவைக்கும், மேலே இருப்பது சீக்கிரம் ஆறும். கடைசிச் சூட்டுக்குப் பிறகு சுமார் 600 டிகிரிக்குக் கீழே வரும்வரை உலைத் தலையைத் தூக்காதீர்கள். ஜிர்கோனியாவின் கெழு 10.5 ஒட்டியது, மெட்டலுக்கு வைத்திருக்கும் பழைய மாவை மறந்தும் அதன்மேல் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் லேப் உலை பழையது. 930 டிகிரி காட்டுகிறது, ஆனால் பீங்கான் மங்கலாக வருகிறது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். இடி மின்னலில் கரண்டு வேறு போகிறது. உலையை நம்புவதா, கண்ணை நம்புவதா?
– வாசகர், தாப்பா

கண்ணை. திரையில் தெரியும் எண், தெர்மோகப்பிள் என்ற வெப்பம் அளக்கும் கம்பி சொல்லும் எண். அது பழசானால் தவறாகச் சொல்லும்.

வெள்ளி 961.8 டிகிரியில் உருகும், எந்த ஊரிலும் எந்த மழையிலும். சுத்தமான வெள்ளிக் கம்பியில் சிறு துண்டைத் தட்டில் வைத்து, வெற்றிடம் இல்லாமல் 955 வரை ஏற்றுங்கள். முனை கூராகவே இருக்க வேண்டும். அடுத்து 965 வரை. உருண்டையாக வேண்டும். 965-இலும் உருகவில்லை என்றால் உங்கள் உலை சொல்வதைவிடக் குளிராக ஓடுகிறது. வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளுங்கள், திருத்த முடியாத அளவுக்குப் போயிருந்தால் ஆள் வைத்துப் பாருங்கள். குறைவாகச் சுட்ட பீங்கானில் துளைகள் நிறைய இருக்கும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

மழைக்காலத்துக்கு: உலையின் உள்சுவர் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வேலை முடிந்ததும் தலையைத் திறந்துவைத்து அணைப்பது பல லேப்களில் உள்ள பழக்கம். மூடிவைத்து அணையுங்கள். காலையில் முதல் வேலையை வைப்பதற்கு முன் காலி உலையை ஒருமுறை முழுச் சூட்டுக்கு ஏற்றி ஈரத்தை ஓட்டுங்கள். பிறகு வெற்றிடம் சரியாக ஏறுகிறதா என்று சோதியுங்கள்.

சுடும் நடுவில் கரண்டு போனால் உலையைத் திறக்காதீர்கள். உள்ளே என்ன ஆனது என்று பார்க்கும் ஆசைதான் பல நல்ல கிரவுன்களைக் கொன்றிருக்கிறது. தானாக ஆறட்டும். கரண்டு வந்ததும் குறைந்த சூட்டிலிருந்து மெதுவாக மறுபடி ஏற்றுங்கள். வெளியே எடுத்த பிறகும் தட்டோடு அப்படியே வைத்துவிடுங்கள், காற்றாடிக்கு நேராக வேண்டாம், குளிர்ந்த டைல்ஸ் மேல் வேண்டாம், குறட்டால் பல்லைத் தொட வேண்டாம். வெள்ளிச் சோதனையை மாதம் ஒருமுறை செய்து, தேதியையும் வித்தியாசத்தையும் ஒரு தாளில் எழுதி உலையின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த உலையில் உட்காருபவருக்கும் அது வேண்டும்.